கதை சொன்னால் பாரம் இறங்குமா?

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் வசிக்கும் நம்மவர் வீடுகளில் வயதானவர்கள் இருந்தால், என்றாவது ஒரு நாள் ஒரு கல்லூரி மாணவியோ மாணவரோ வந்து கதவைத் தட்டக்கூடும். கையில் ஒரு நோட்டுப் புத்தகமும் கைப்பேசியும் இருக்கும். “உங்க வாழ்க்கைக் கதையைச் சொல்லுங்க அவ்வா, நான் ரிக்கார்ட் பண்ணிக்கிறேன்” என்பார்கள். திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் 1954 முதலும், பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் 1983 முதலும் இருக்கின்றன. வேலூர் பக்கத்திலேயே இருக்கிறது. ஆகவே ஆராய்ச்சி மாணவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை.

இப்படி வருகிறவர்கள் செய்வதற்குப் ‘பண்புசார் ஆய்வு’ என்று பெயர். ஓர் ஊரில் எத்தனை விதவைகள், எத்தனை பேருக்கு ஓய்வூதியம் வருகிறது என்று எண்ணுவது ஒரு வகை ஆய்வு. ஒரு விதவை தன் நாட்களை எப்படிக் கழிக்கிறாள், அவளுக்கு அந்த வாழ்க்கை என்னவாகத் தெரிகிறது என்று கேட்பது இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகைக்குக் கதைதான் மூலப்பொருள். அதே போல, மனநல மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ போனால் அங்கேயும் நம்மைக் கதைதான் சொல்லச் சொல்கிறார்கள். இரண்டு இடத்திலும் எதிரே ஒருவர் பொறுமையாகத் தலையசைத்துக் கேட்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் வித்தியாசம் பெரிது. அதைத் தெரிந்துகொள்ளாமல் வாயைத் திறந்தால் சங்கடங்கள் வரும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் மனோதத்துவம் படித்தவனல்ல. டிப்ளமா முடித்து ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்து, பாகாலா – காட்பாடிப் பாதை மீட்டர் கேஜாக இருந்த காலத்திலிருந்து வேலை பார்த்தவன். ஆனால் கதை கேட்பதில் மூன்றாவது வகை ஒன்றை நான் நன்றாக அறிவேன். அதுதான் இலாகா விசாரணை. ஒரு வண்டி தடம் புரண்டால் கீமேனையும் மேட்டையும் உட்கார வைத்து வாக்குமூலம் வாங்குவார்கள். எத்தனை மணி, எந்தக் கிலோமீட்டர், கொடி காட்டினாயா இல்லையா? அந்த மனிதர் தன் மகள் கல்யாணத்திலிருந்து ஆரம்பிப்பார். அவருக்கு அந்த ராத்திரியின் கதை அங்கேதான் ஆரம்பமாகிறது. விசாரணை அதிகாரி, “அதெல்லாம் வேண்டாம், கேட்டதற்குப் பதில் சொல்” என்று வெட்டிவிடுவார். ஆய்வாளராக இருந்தால் அந்தக் கல்யாணத்தைத்தான் ஆவலோடு கேட்டிருப்பார். மனநல சிகிச்சை செய்பவரோ, அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் அதே கல்யாணத்துக்குத் திரும்பத் திரும்ப வருவார். முதலாமவருக்கு நடந்தது என்ன என்பது வேண்டும். இரண்டாமவருக்கு அது அவருக்கு என்னவாகத் தெரிகிறது என்பது வேண்டும். மூன்றாமவருக்கு அதோடு அவர் எப்படி வாழப்போகிறார் என்பது வேண்டும். டொனால்டு ஸ்பென்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1982-இல், சரித்திர உண்மை வேறு, கதையாகச் சொல்லும்போது கூடிவரும் உண்மை வேறு என்று ஒரு புத்தகமே எழுதினார்.

பேச்சே மருந்து என்ற எண்ணம் வியன்னாவில் பிறந்தது. யோசெப் ப்ராயர் என்ற டாக்டரிடம் 1880 முதல் 1882 வரை ஓர் இளம்பெண் சிகிச்சை பெற்றாள். மருத்துவ நூல்களில் அவளுக்கு ‘அன்னா ஓ.’ என்று பெயர். தினமும் மாலையில் மனதில் இருப்பதையெல்லாம் கதையாகச் சொல்லி முடித்ததும் அவளுக்குச் சற்று நிம்மதி வந்தது. இதற்குப் ‘பேச்சு வைத்தியம்’ என்று பெயர் வைத்தவளே அவள்தான். புகைபோக்கியைச் சுத்தம் செய்வது என்றும் வேடிக்கையாகச் சொன்னாளாம். ப்ராயரும் ஃப்ராய்டும் சேர்ந்து 1895-இல் வெளியிட்ட நூலில் இந்த விவரம் வந்தது. அவள் உடனே பூரண குணமடைந்துவிடவில்லை, பின்னர் மருத்துவ நிலையங்களில் தங்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

என் போன்ற தொழிற்சாலைக்காரர்களுக்குப் பிடித்தமான உதாரணம் வேறொன்று. அமெரிக்காவில் சிகாகோவுக்கு அருகே வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஹாதார்ன் தொழிற்சாலை இருந்தது. அங்கே 1928 முதல் 1930 வரை ஏறக்குறைய 21,000 தொழிலாளர்களைத் தனித்தனியே பேட்டி கண்டார்கள். மேற்பார்வையாளர்களைப் பற்றியும் வேலை நிலைமைகளைப் பற்றியும் கருத்தறிவதுதான் நோக்கம். முதலில் கேள்விப் பட்டியலோடு போனார்கள். தொழிலாளர்கள் பட்டியலை விட்டுவிட்டு எங்கெங்கோ போனார்கள். ஆகவே பட்டியலைத் தூக்கி வைத்துவிட்டு, அவர்கள் போன போக்கிலேயே கேட்பது என்று முறையை மாற்றினார்கள். அரை மணி நேரப் பேட்டி ஒன்றரை மணி நேரமாக நீண்டது. அப்புறம்தான் விசித்திரம். எந்த மாற்றமும் செய்யாத விஷயங்களில்கூட, இப்போது நிலைமை பரவாயில்லை என்று சிலர் சொன்னார்களாம்! ஆராய்ச்சி செய்யப் போனவர்கள் தெரியாமலே வைத்தியம் செய்துவிட்டார்கள். பிறகு கார்ல் ரோஜர்ஸ் என்ற புகழ்பெற்ற உளவியலாளர், தாம் நோயாளிகளிடம் பயன்படுத்திய ‘வழிநடத்தாமல் கேட்கும்’ முறையைச் சமூக ஆராய்ச்சிக்கும் பயன்படுத்தலாம் என்று 1945-இல் ஒரு கட்டுரை எழுதினார். ஆக, இந்த இரண்டு முறைகளும் ஒரே வீட்டில் வளர்ந்த பிள்ளைகள்தாம். அதனால்தான் முகஜாடை ஒன்றாக இருக்கிறது.

எங்கே பிரிகின்றன? யாருக்குத் தேவை என்பதில்தான் முதல் பிரிவு. சிகிச்சைக்கு நாம் நம் வலிக்காகப் போகிறோம், கட்டணம் கொடுக்கிறோம், குணமாக வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். ஆய்வுப் பேட்டியில் தேவை வந்தவருடையது. அவருக்குப் பட்டம் வேண்டும், அறிவு வேண்டும், புத்தகம் வேண்டும். கொடுப்பவர் நாம். அடுத்தது, நம் கதைக்கு அவர் என்ன அர்த்தம் செய்துகொண்டார் என்பது. மருத்துவர் அதை நம்மிடமே திருப்பிச் சொல்வார், நாம் மறுக்கலாம், அந்த மறுப்பும் சிகிச்சையில் ஒரு பங்குதான். ஆய்வாளரோ தம் அறைக்குப் போய் எழுதிக்கொள்வார். ஸ்டெய்னர் க்வாலே என்ற உளவியலாளர் 1996-இல் பேட்டி முறை பற்றி எழுதிய நூலில் இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்திருக்கிறார். சிகிச்சையில் அறிவு என்பது பக்கத்தில் விளைவது, மாற்றம்தான் நோக்கம். ஆய்வில் அது தலைகீழ்.

எங்கள் பாஷையில் சொன்னால், டிராக் ரிக்கார்டிங் கார் என்று ஒரு வண்டி உண்டு. அது பாதை மேல் ஓடி, எங்கே தாழ்ந்திருக்கிறது, எங்கே முறுக்கியிருக்கிறது என்று கோடு கோடாகப் பதிந்துகொண்டு போய்விடும். ஒரு கல்லைக்கூட நகர்த்தாது. ஸ்லீப்பருக்கு அடியில் ஜல்லியைத் திணித்து இறுக்குவது கேங்மேன்களின் வேலை. இன்னொன்று கவனியுங்கள். ஸ்லீப்பருக்கு அடியில் இருக்கும் பொள்ளல் சும்மா பார்த்தால் தெரியாது, மேலே பாரம் ஏறினால்தான் தெரியும். பேட்டியும் அப்படித்தான். பதிவு செய்வதாக நினைத்து வருகிறவரும் ஒரு பாரத்தை ஏற்றித்தான் பார்க்கிறார்.

அந்தப் பாரம் எப்படி ஏறுகிறது என்பதை ஜெர்மனியைச் சேர்ந்த ஃப்ரிட்ஸ் ஷூட்ஸே 1970-களில் நன்றாக விளக்கினார். அவர் வகுத்த பேட்டி முறையில் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும், குறுக்கே பேசக்கூடாது. ஏனென்றால் கதைக்கென்று ஒரு நிர்ப்பந்தம் இருக்கிறது. ஆரம்பித்தால் முடிக்க வேண்டும். கேட்பவருக்குப் புரிய வேண்டுமானால், சொல்லக்கூடாது என்று நினைத்த விவரத்தையும் இடையில் சொல்லியாக வேண்டும். “அன்றைக்கு அவர் கோபமாகப் போனார்” என்று சொன்னால், ஏன் கோபம் என்பதைச் சொல்லாமல் அடுத்த வாக்கியத்துக்குப் போக முடியாது. இறக்கத்தில் விட்ட டிராலி போல அது தானே ஓடும். சிகிச்சையில் இதற்கு பிரேக் உண்டு. நேரம் ஆனதும் நிறுத்துவார்கள், அடுத்த வாரம் தொடர்வார்கள், கலங்கிப்போனால் ஆற்றி அனுப்புவார்கள். ஒரே நாள் பேட்டியில் அந்த பிரேக் பெரும்பாலும் இருப்பதில்லை.

நம் திருப்பதியிலேயே நடந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். தாத்தய்யகுண்ட கங்கம்மா ஜாத்திரை நம் எல்லோருக்கும் தெரியும். பெண்களைச் சீரழித்த பாளேகாரனைத் தேடி கங்கம்மா நாளுக்கொரு வேஷம் போட்டு, கடைசியில் துரை வேஷத்தில் வந்து அவன் தலையை வாங்கினாள் என்பது கதை. அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாய்ஸ் ஃப்ளூக்கிகர் அம்மையார் 1990-களிலிருந்து இந்த ஜாத்திரைக்கு வந்து, பெண்களோடு பழகி, அவர்கள் சொன்ன கதைகளைக் கேட்டு 2013-இல் ஒரு நூல் வெளியிட்டார். அம்மனுக்குத் தொண்டு செய்து, பின்னர் அதை இழந்த முதலியார் சகோதரிகளைப் பற்றி அதில் ஓர் அத்தியாயமே உண்டு. அம்மன் மேல் பித்தாகி, வாழ்க்கையையே அவளிடம் கொடுத்துவிட்ட ஒரு பெண்ணைப் பற்றியும் இருக்கிறது. இந்த இடத்தில்தான் இரண்டு காதுகளும் வேறாகக் கேட்கும். “அம்மன் என்னோடு பேசுகிறாள், என்னை விடமாட்டேன் என்கிறாள்” என்று ஒரு பெண் சொன்னால் மருத்துவர், இது நோயா, தூக்கம் வருகிறதா, சாப்பிடுகிறாளா என்று பார்க்கக் கடமைப்பட்டவர். ஆய்வாளர், “அம்மன் என்ன சொன்னாள்?” என்று கேட்பார். இருவருமே தப்பில்லை. ஆனால் அவளுக்கு உண்மையிலேயே வைத்தியம் தேவைப்படுகிற நாளில் ஆய்வாளர் மட்டும் எதிரே இருந்தால் அது அவளுக்கு நஷ்டம். வைத்தியம் தேவைப்படாதவளுக்கு வைத்தியர் மட்டுமே வாய்த்தால் அதுவும் நஷ்டம்தான்.

இரண்டையும் இணைத்துப் பார்த்தவர்கள் வேலூர்க்காரர்கள். பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையம் 1957-இல் தொடங்கியது. நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கலாம் என்பது அங்கே உள்ள வழக்கம். நம் சித்தூர்ப் பக்கத்திலிருந்து அங்கே போய் வந்தவர்களுக்குத் தெரியும். அங்கிருந்த டாக்டர் கே.எஸ். ஜேக்கப் முதலானோர், நோயாளி தன் நோயைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று கேட்பதற்கென்றே ஒரு சிறு பேட்டி முறையை 1998-இல் மற்றவர்களோடு சேர்ந்து வகுத்தார்கள். உங்கள் கஷ்டத்துக்கு நீங்கள் என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள், எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள், யார் சரிசெய்ய முடியும் என்று நம்புகிறீர்கள் என்ற விதமாகக் கேட்பது. அங்கே பிறகு 131 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் பெரும்பாலோர் தெய்வக் குற்றம், செய்வினை போன்றவற்றையே காரணமாகச் சொன்னார்கள். இதைக் கேட்டுக்கொண்டால்தான் மாத்திரையை அவர் விழுங்குவாரா என்பது மருத்துவருக்குத் தெரியும்.

மொழி விஷயமும் நமக்குச் சாதாரணமல்ல. நம் வட்டாரத்தில் ஆபீஸுக்குத் தெலுங்கு, அடுப்படிக்குத் தமிழ் என்று பிரித்து வைத்திருக்கிறோம். மாணவி தெலுங்கில் கேட்பாள். பாட்டி தெலுங்கிலேயே பதில் சொல்லிக்கொண்டு வருவாள். துக்கம் வரும் இடத்தில் தமிழுக்கு மாறிவிடுவாள். ஆய்வேடு ஆங்கிலத்தில் வரும். ‘காத்து பட்டுடுச்சு’ என்பதற்கும் ‘காலி சோகிந்தி’ என்பதற்கும் அர்த்தம் ஒன்றே. ஆங்கிலத்தில் ஜலதோஷம் பிடித்தது போல ஆகிவிடும்!

இலங்கையில் நம்மவர் பட்ட பாட்டில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாக எழுந்தது. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போரின் மனக் காயங்களைப் பற்றி 1998-இல் நூல் எழுதினார். பின்னர் மக்களின் வாக்குமூலங்களைக் கேட்டுப் பண்புசார் ஆய்வுகளும் செய்தார். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பின் வடகிழக்கில் ஜெர்மானிய ஆய்வாளர்கள், போரிலும் கடலிலும் அடிபட்ட 31 குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு சாராருக்கு, நடந்ததை ஒழுங்காகக் கதையாகச் சொல்ல வைக்கும் சிகிச்சை ஆறு தடவை. மற்றவர்களுக்குத் தியானமும் உடலைத் தளர்த்தும் பயிற்சியும் ஆறு தடவை. இரண்டையும் நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் பிரிவில் 81 சதவீதமும் இரண்டாவது பிரிவில் 71 சதவீதமும் தேறியிருந்தார்கள். இத்தனை சிறு எண்ணிக்கையில் அந்த வித்தியாசத்தைப் பெரிதாகக் கொள்ள முடியாது. சொன்னவர்களும் தேறினார்கள், சொல்லாமல் மூச்சைக் கவனித்தவர்களும் தேறினார்கள். ‘கொட்டினால்தான் ஆறும்’ என்று அடித்துச் சொல்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இன்னொரு விவரமும் இதே பக்கம்தான் சாய்கிறது. விபத்தில் தப்பியவர்களை உடனே ஒரே ஒரு தடவை உட்கார வைத்து நடந்ததையெல்லாம் சொல்ல வைப்பது மேல்நாட்டில் வழக்கமாக இருந்தது. அந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்த காக்ரேன் அமைப்பின் 2002-ஆம் ஆண்டு அறிக்கை, பின்னால் வரும் மனக்கோளாறை இது தடுக்கவில்லை, கட்டாயப்படுத்திச் சொல்ல வைப்பதை நிறுத்த வேண்டும் என்று கூறிவிட்டது. ஒரே தடவை சொல்வது என்பது ஆய்வுப் பேட்டியின் வடிவமும்கூட.

இருந்தாலும் யாரிடமும் சொல்லாமலே இருப்பதும் சரியா என்று கேட்பீர்கள். ஏ.கே. ராமானுஜன் 1991-இல் வெளியிட்ட இந்திய நாடோடிக் கதைத் தொகுப்பில் தமிழ்க் கதை ஒன்று இருக்கிறது. மகன்களும் மருமகள்களும் படுத்தும் பாட்டை யாரிடமும் சொல்ல முடியாமல் ஒரு விதவைத் தாய்க்கு உடம்பு பெருத்துக்கொண்டே போகிறது. ஒருநாள் ஊருக்கு வெளியே ஒரு பாழடைந்த வீட்டுக்குள் போய், நான்கு சுவர்களிடமும் தன் குறைகளைத் தனித்தனியே சொல்கிறாள். ஒவ்வொரு சுவராகப் பாரம் தாங்காமல் இடிந்து விழுகிறது. அவள் உடம்பு இளைத்து, மனசு லேசாகி வீடு திரும்புகிறாள். நம் ஊர்க் கிழவிகளுக்கு ப்ராயரும் ஃப்ராய்டும் தேவைப்படவில்லை என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் எனக்கு இதில் படுவது வேறு. சுவர் யாரிடமும் போய்ச் சொல்லாது, புத்தகம் போடாது. ஆனாலும் கேட்டதற்கு விலையாக இடிந்துபோகிறது. கேட்பவர்களுக்கும் பாரம் ஏறும் என்பதால்தான் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் தாங்களும் மூத்தவர் ஒருவரிடம் போய்ப் பேசுகிறார்கள். இருபத்து மூன்று வயது மாணவிக்கு அப்படி ஒருவர் இருக்கிறாரா?

பாகாலாவுக்குப் பக்கத்தில் ஒரு கேங்மேனின் விதவை இருக்கிறார். கணவர் ஒரு மழைக்கால இரவில் லயனில் அடிபட்டு இறந்து முப்பது வருஷம் இருக்கும். ஒரு மாணவி வந்து மூன்று மணி நேரம் பேட்டி எடுத்தாள். நல்ல பெண். அழுதபோது கையைப் பிடித்துக்கொண்டாளாம். அவள் போன பிறகு அந்த அம்மாளுக்கு ஒரு வாரம் தூக்கமில்லை. என்னைப் பார்த்தபோதெல்லாம், “அந்தப் பொண்ணு மறுபடி எப்ப வரும் இன்ஸ்பெக்டரய்யா?” என்று கேட்டார். முதலில் பென்ஷன் விஷயமாக ஏதோ எதிர்பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு மெதுவாகச் சொன்னார். அன்று மாலை கடன் விஷயமாகப் புருஷன் பெண்டாட்டிக்குள் பெரிய சண்டை. அவர் சாப்பிடாமலே ட்யூட்டிக்குப் போயிருக்கிறார். இதைத் தன் பிள்ளைகளிடம்கூட அவர் சொன்னதில்லை. மாணவியிடம் வந்துவிட்டது. “அது பேப்பர்ல வருமாய்யா?” என்பதுதான் அவர் கேள்வி.

மாணவியின் எண்ணை வாங்கிப் பேசினேன். மறுக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, எழுதி வைத்திருந்ததைத் தமிழில் முழுக்க வாசித்துக் காட்டினாள். சண்டையை எடுத்துவிடச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அந்த அம்மாள், “சண்டை இருக்கட்டும் கண்ணு, அது எங்க ரெண்டு பேருக்குள்ள நடந்தது. கடன் குடுத்த மேஸ்திரி பேரை மட்டும் எடுத்துடு. அவருக்குப் பேரப் பிள்ளைங்க இருக்காங்க” என்றார். அன்று இரவு தூங்கினாரா என்று நான் கேட்கவில்லை. அந்தப் பெண் இப்போது தீபாவளிக்கு வந்து போகிறாள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, மனிதர்களிடம் ஆய்வு செய்பவர்கள் விவரம் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும், எந்தக் கட்டத்திலும் நாம் விலகிக்கொள்ளலாம், அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. சிகிச்சையில் சொன்னதை ரகசியமாக வைக்க வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்திலேயே உரிமையாக இருக்கிறது. ஆகையால் வீட்டுக்கு வருகிற பிள்ளைகளை விரட்ட வேண்டாம். நம் பெரியவர்களின் கதைகளை எழுதி வைக்க வேறு யார் இருக்கிறார்கள்? காப்பி கொடுத்து உட்கார வைத்து, பதிவு எங்கே இருக்கும், யார் கேட்பார்கள், பெயரை மாற்றுவீர்களா, எழுதியதை வாசித்துக் காட்டுவீர்களா, நடுவில் வேண்டாம் என்றால் அழித்துவிடுவீர்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பேட்டியின்போது வீட்டில் பெரியவருக்குப் பழக்கமான ஒருவர் அடுத்த அறையில் இருக்கட்டும், அதே அறையில் வேண்டாம். மனசு உண்மையிலேயே சரியில்லை என்றால் பேட்டிக்காரருக்காகக் காத்திராமல் மருத்துவரிடம் போங்கள். 2022 அக்டோபர் முதல் மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ தொலைபேசிச் சேவை 14416 என்ற எண்ணில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம்.